நேராக ஓடிய வண்டி

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுதி இரண்டு தாளைக் கிழித்தும் போட்டாயிற்று. போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் எனக்குப் பொய் பழகிவிட்டது தாயே, உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக எல்லாம் நல்லா இருக்கு என்று ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். முழுசாகப் படி, அப்புறம் அழு, அப்புறம் என்னைத் திட்டு.

அப்பா கை தேறவில்லை. ஐந்து மாதமாக வண்டியை நேராக ஓட்டுகிறார், கை தேறி வருகிறது என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். போன வருஷம் நரம்பு டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், இது குணமாகிற நோய் இல்லை, கையில் தொடங்கி காலுக்குப் போய்க் கடைசியில் மூச்சுக்கு வரும், வேகம் ஆளுக்கு ஆள் மாறும், விரலைச் சும்மா வைக்காமல் வேலை கொடுங்கள் என்றார். அதைக் கேட்டுத்தான் நீ ரிமோட் கார் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினாய். பெட்டியைப் பிரித்ததும் ஓடுகிற மாதிரி ஒன்றை நீ பார்த்து வைத்திருந்தாய், இவர் ஒத்துக்கொண்டாரா, அதில் எனக்கு என்ன வேலை இருக்கு, துண்டு துண்டா வர்றதை வாங்கச் சொல்லு, நானே பூட்டிக்கறேன் என்று ஒரே பிடிவாதம். பெட்ரோல் மாதிரி எண்ணெய் ஊற்றுகிற வண்டி வேண்டாம், புகையும் சத்தமும் தாங்காது, பேட்டரி வண்டியே போதும், மண்ணில் ஓட வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்று ரிமோட் வண்டி வைத்திருக்கிற எதிர்வீட்டுப் பல் டாக்டரோடு உட்கார்ந்து ஒரு வாரம் பேசினார். கல்யாணத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

பூட்டினது யார் என்று நினைக்கிறாய்? அந்தப் பொடி ஸ்க்ரூக்களை அவர் விரலால் பிடிக்க முடியவில்லை. வாய் அவருடையது, கை என்னுடையது. சாப்பாட்டு மேஜை முழுக்க டப்பா மூடிகள், மூடிக்கு ஒரு சைஸ் ஸ்க்ரூ, பதினாறு நாள் நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தாள் துண்டை நுழைத்து இறுக்கிவிட்டுத் தாளை உருவ வேண்டும், அந்த இடைவெளிதான் கணக்கு, நான் நாலு தடவை தப்பு செய்தேன், நாலு தடவையும் கழற்றச் சொன்னார். இப்போது எனக்கு எல்லாம் அத்துப்படி. ஓட்டி முடித்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுவேன், பல் டாக்டர் கொடுத்த பழைய கொக்கியால் இண்டு இடுக்கில் இருக்கும் கல்லை நோண்டுவேன். பேட்டரியைக் குழாயடி சிமென்ட் தரையில் வைத்துத்தான் சார்ஜ் போடுவேன், ஓட்டாத நாளில் பாதிச் சார்ஜில் வைப்பேன், முழுசாக ஏற்றி வைத்தால் உப்பிவிடும். இந்த வயதில் உன் அம்மா மெக்கானிக் ஆகிவிட்டாள், சிரி.

இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை. ரிமோட்டை இடது கையில் பிடித்து விரலால் வேகம் கொடுக்க வேண்டும், பக்கவாட்டில் இருக்கிற குட்டிச் சக்கரத்தை வலது கையால் திருப்பினால் வண்டி திரும்பும். அவருடைய வலது கை அந்தச் சக்கரத்தின்மேல் தொங்க ஆரம்பித்தது, வண்டி வலது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. ஒருநாள் வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, இதோட சரி, இனிமே ஓட்டல என்று சொல்லிவிட்டு மைதானத்திலிருந்து வந்துவிட்டார். ரிமோட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, எது நேர் என்று வண்டிக்குச் சொல்வதே அதுதான். மறுநாள் அவர் குளிக்கும்போது அதை இடது பக்கம் இரண்டு கிளிக் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். வண்டி நேராகப் போனது. மைதானத்தின் அந்தக் கோடி வரை போய் நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்து, பாத்தியா, கை வருது பாரு என்றார். அன்றைக்குத்தான் அவரே உனக்குப் போன் செய்தார். அப்பா தேறிட்டாரா, அப்போ அவசரமா ஓடி வர வேண்டாம், இந்த வருஷ லீவை விட்டுட்டு அடுத்த வருஷம் நீள லீவு போட்டு நிதானமா வந்து கூட இருக்கேன் என்று நீ சொன்னாய். பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அப்புறம் வாரத்துக்கு ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்று திருப்பிக்கொண்டே வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் வண்டிக்கு அச்சு உடைந்துவிட்டது. சார், உங்க வண்டியை ஒரு சுற்று ஓட்டிக்கட்டுமா என்று கேட்டார், இவரும் பெருமையாகக் கொடுத்தார். அவர் கைக்கு வண்டி சர்ரென்று இடது பக்கம் போய் மதிலில் முட்டியது. நான் ஓடிப்போய் ரிமோட்டை வாங்குவதற்குள், என்ன சார் இது, திருகு முழுசா ஒரு பக்கம் போயிருக்கே, யாரு இப்படி வெச்சது என்று சொல்லி நடுவில் வைத்து, இப்ப ஓட்டுங்க, நூல் பிடிச்ச மாதிரி போகும் என்று இவர் கையில் கொடுத்துவிட்டார். பாவம், அவர்மேல் குற்றமில்லை. இவர் ஓட்டினார். வண்டி வலது பக்கமாகவே வட்டம் போட்டது. ஒரு வட்டம், இரண்டு வட்டம், மூன்று வட்டம். முப்பது வருஷம் கடை கடையாகப் போய் எடை மெஷினைச் சோதித்து முத்திரை போட்ட மனுஷன், எவன் முள்ளை நகர்த்தி வைத்திருக்கிறான் என்று கடை வாசலில் கால் வைத்ததுமே கண்டுபிடிப்பவர். என்னை ஒரு தடவை பார்த்தார். போதும். முதலில் வண்டியை அணைத்தார், அப்புறம்தான் ரிமோட்டை அணைத்தார், மாற்றி அணைத்தால் வண்டி கண்டபடி ஓடும், அந்த வரிசையைக்கூட மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, எப்பலேர்ந்து என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மகளுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அவளோட லீவையும் நீதான் தள்ளி வெச்சுட்டே என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேற்று டாக்டரிடம் போனோம், உன் லீவு வருவதற்குள் கால் போய்விடும் என்கிறார். மூச்சு எப்படி டாக்டர் என்று நான் கேட்டதற்குச் சீட்டில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார், நிமிரவே இல்லை. உன் ஆபீஸில் இந்த வருஷத்து லீவைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேள், சண்டை போட்டுக் கேள்.

இன்று காலையில் அவரே ரிமோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பழையபடி வெச்சுக் குடு என்றார். திருகைக் கடைசிவரை திருப்பினேன், வாசலில் ஓட்டிப் பார்த்தார், அது இப்போதே போதவில்லை, வலது பக்கம் இழுக்கிறது. உடனே, முன்சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டாரில் மாட்டியிருக்கிற கையைக் கழற்றி, அதன் அச்சைச் சுற்றி இருக்கிற பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டு, இன்னும் கொஞ்ச நாள் வரும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். மாட்டினேன். வண்டி நேராகப் போனது. இன்னும் எத்தனை பல் தள்ளலாம் என்று கேட்டார். பார்த்தேன், இரண்டு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்று பேட்டரி தீரும் வரை ஓட்டினார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் நீண்ட காலம் வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு உண்டு. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்கு ஊற்றாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிறாய் என்றால் வருகிறேன் என்று எழுது, வரமுடியாது என்றால் முடியாது என்று எழுது, பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே.

உன்னை ஏமாற்றிய உன்
அம்மா