முன்னூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர்

6.1.2025, திங்கள்
கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, சங்கிலிப்பாண்டி அத்தான் போன். தங்கை செல்வியின் கணவருக்கு அண்ணன். கழுகுமலையில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.
"என்ன டீச்சரம்மா, ஒங்க தம்பி இருக்கிற மலைக்கும் கடற்கரை ஏர்போர்ட்டுக்கும் வெறும் ஐம்பத்து நாலு நிமிசமாம்லா! நெட்டுல போட்டிருக்கு. மாப்ளைக்கு மனசுதான் தூரம் போல."
செல்வி மகளின் காதுகுத்து இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். தம்பி மணிராஜ் பாப்புவா நியூ கினியாவில் ஒரு சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். மலையிலிருந்து இறங்க விமானமே கிடையாது என்கிறான்.

7.1.2025
அத்தான் சொன்ன இணையப் பக்கத்தை நானும் பார்த்தேன். 318 கி.மீ. அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துக் கணக்குப் போட்டேன்: 317. தூரம் சரி. நேரம்? ஜெட்டின் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்திருக்கிறார்கள். மலையில் இருப்பது புல்தரை ஓடுபாதை; அதில் ஜெட் எங்கே இறங்கும்? அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் ஓடுகிறதா என்பதே அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருஷமாகப் புவியியல் நடத்துகிறேன். இதை ஒருவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

11.1.2025
அத்தான் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஜோசியரிடம் கொடுத்திருக்கிறார். பிப்ரவரி 16-க்கு நாள் குறித்தாயிற்று. மாமன் வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன் விமானம் ஏற வேண்டுமாம். எந்த ஊர் ராகுகாலம் என்று கேட்டேன்.
"அதை நீங்கதான் கணக்குப் பாத்துச் சொல்லணும்."

12.1.2025
செல்வி அழுதாள். "எக்கா, 'பொறந்த வீட்டுல ஆம்பளையே இல்லையா'ன்னு கேக்காவ."

16.1.2025
விமானம் இல்லை என்பதை எழுத்தில் வாங்கி அத்தான் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று, கடற்கரை ஊரின் சின்ன விமானக் கம்பெனி ஒன்றுக்கு மெயில் அனுப்பினேன்.

18.1.2025
பதில் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் விமானம் உண்டு. பன்னிரண்டு பேர் போகலாம். ஒன்றேகால் மணி நேரம். இடம் இருக்கிறது.
எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். அவனை மட்டும் —
போன் செய்தேன். விமானம் இருக்கிறதாமே என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னான்: "செல்வி கல்யாணத்துல, பந்தியில உக்காந்த என்னைய, 'மாப்ள வீட்டுக்காரவிய மொதல்ல சாப்பிடட்டும், எந்திலே'ன்னு அந்த அத்தான் கையப் புடிச்சு எழுப்புனாரு. அந்த வாசலை மிதிக்க மாட்டேன். தூரம்னு சொன்னா யாருக்கும் சங்கடம் இல்லல்லா, எக்கா?"
ஆறு வருஷம்! ஏலே, என்கிட்ட சொல்றதுக்கு என்ன? கிறுக்கச்சி மாதிரி தீர்க்கரேகை பாத்துக்கிட்டு இருந்தேனே!

19.1.2025
கழுகுமலை பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டே போனேன். அத்தானிடம் இரண்டு வாக்கியம்தான் சொன்னேன். விமானம் இருக்கிறது. பந்தியிலிருந்து எழுப்பியவர் கூப்பிட்டால் வருவான்.
"அதையா இன்னும் வச்சிருக்கான்?" என்றார். செல்வி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

22.1.2025
யாரும் போன் செய்யவில்லை. நானும்.

25.1.2025
காலையிலேயே அத்தான். முந்தாநாள் மணிராஜிடம் அரை மணி நேரம் பேசினாராம். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அவன் மதுரையில் எப்போது இறங்குவான் என்று கேட்டார்; கூட்டிவர, காரோடு தானே போகப்போவதாகச் சொன்னார். மலையிலிருந்து எப்படியும் நாற்பது மணி நேரம் ஆகும், மூடுபனி இறங்கி விமானம் நின்றுபோனால் ஒரு நாள்கூடக் கூடும் என்றேன்.
"ஆகட்டும். வாரவரைக்கும் நிக்குதேன்" என்றார்.
நிற்கட்டும்.