முரளி, உன் மகள் இப்போது அந்தக் கம்பத்தைப் பார்ப்பதில்லை

காது மந்தமாகிப்போன என் செல்லத் தம்பி முரளிக்கு,

உன்னிடம் எதைச் சொல்வதானாலும் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் இரைச்சலில் நீ காதை விட்டாய், வகுப்பறையின் இரைச்சலில் நான் தொண்டையை விட்டேன். அக்காளும் தம்பியும் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும் என்று உன் வீட்டுக்காரி செல்வி சிரிப்பாள். இந்த ஒரு தடவை மெதுவாகப் பேசுகிறேன். இருக்கும் இடத்தில் உனக்குக் கேட்கிறதா?

செய்தி இதுதான். கீர்த்தனாவின் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் தொடங்கிவிட்டது. நீ கண்ணை மூடிய பிறகு, நீ பார்க்காமல் அவள் ஆடும் முதல் சீசன். தொடக்கம் நன்றாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க் ஷீட்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

அவள் ஆடும் இடத்துக்குப் பாயிண்ட் கார்டு என்று பெயர். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவர், பொரியல் வைக்கிறவர் என்று ஆளாளுக்கு ஒரு வேலை. ஒருவர் மட்டும் நடுவில் நின்று, எந்த இலையில் எது குறைகிறது என்று பார்த்து ஆளை அனுப்புவார். கீர்த்தனா அந்த ஆள். பந்தை அவள்தான் எடுத்து வர வேண்டும். யாருக்கு, எப்போது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். வாயால் கத்திச் சொன்னால் எதிரணிக்கும் கேட்டுவிடும். அதனால் கையால் காட்டுவாள். அந்தக் கை உன் கை, முரளி.

பகலில் தூங்குகிறவனின் வீடு உன் வீடு. காது மந்தம் என்றுதான் பேர், நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் தூசி விழுந்தாலும் உனக்குத் தூக்கம் கலைந்துவிடும். செல்வி குக்கரைக்கூட விசில் வராமல் இறக்குவாள். நீ தூங்கும் நேரமெல்லாம் அம்மாவும் பெண்ணும் உன் கம்பெனிச் சைகைகளில்தான் பேசிக்கொள்வார்கள். மணிக்கட்டைத் தட்டினால் நேரமாகிவிட்டது, சீக்கிரம். காதைத் தொட்டால் புரியவில்லை, திரும்பச் சொல். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் மெதுவாக. ஒருவரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தை பேசத் தொடங்கியதே பாதி வாயாலும் பாதி கையாலும்தான்.

ஒரு சைகையை மட்டும் நீ வீட்டில் அனுமதித்ததில்லை. மூடிய கை. அங்கே லைனில் யார் மூடிய கையைத் தூக்கினாலும், அவன் நேற்றுச் சேர்ந்த டிரெய்னியாகவே இருந்தாலும், அத்தனை பேரும் மெஷின் பட்டனை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம். நிறுத்தியவரே கட்டை விரலை உயர்த்திக் காட்டும்வரை ஒருவரும் கையை இறக்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு தடவை கீர்த்தனா பாட்டுக்கு ஆடும்போது முஷ்டியைத் தூக்கிவிட்டாள். "அத வெளயாட்டுக்குத் தூக்கக் கூடாதும்மா. அது ஆளுங்க வெரல் சமாச்சாரம்" என்று நீ சொன்னாய். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை, போன வாரம் வரை.

போன வருடம் எப்படி இருந்தது! ஆட்ட நாளில் காலை ஏ ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, அது முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் வந்து கல்லூரி வாசலில் இறங்குவாய். யூனிபார்ம் சட்டை, சேஃப்டி ஷூ. மைதானத்து ஓரத்தில் தண்ணீர் டிரம் பக்கத்திலிருக்கும் விளக்குக் கம்பம்தான் உன் இடம். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாய். அவள் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் உன் உள்ளங்கை கீழே அமுங்கும். மெதுவா, மெதுவா. அவளும் ஒரு கணம் உன்னைப் பார்ப்பாள், வேகத்தைக் குறைப்பாள், எதிரணி குழம்பும். "அவங்கப்பாதான் எங்க அசிஸ்டன்ட் கோச்" என்று கோச் மேடம் எல்லோரிடமும் சொல்வார். நீ காது கேட்காதது போல நின்றுகொண்டிருப்பாய். அது மட்டும் நன்றாகவே கேட்டிருக்கும், இல்லையா?

இந்த வருடமும் அந்தக் கம்பம் அங்கேயேதான் நிற்கிறது.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஆனாலும் கீர்த்தனாவின் கையிலிருந்து பந்து பல தடவை பறிபோனது. முதல் ஆட்டப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டோம். இரண்டாவது ஆட்டத்தில் பந்தை எதிரணிப் பெண்ணின் கையில் தானாகவே கொடுத்தாள், யாரோ கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி. மூன்றாவது ஆட்டத்தில் பாதியிலேயே கோச் அவளை வெளியே எடுத்து உட்காரவைத்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். செல்வி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

என்ன நடக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கரும்பலகையில் கணக்குப் போடும் சில பிள்ளைகள், ஒவ்வொரு வரி எழுதியதும் திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும். ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பலகைக்குப் போகும்போது எந்த வரியில் விட்டோம் என்பது தொலைந்துபோகும். கீர்த்தனா நடுக்கோட்டைத் தாண்டியதும் கம்பத்தைப் பார்க்கிறாள். அங்கே தண்ணீர் டிரம்தான் இருக்கிறது. அவள் கண் திரும்பி வருவதற்குள் பந்து போய்விடுகிறது.

கோச்சும் அதையே சொன்னார். "கோடு தாண்டினதும் யாரையோ தேடுறா டீச்சர். எனக்குப் புரியுது. ஆனா டீம்ல இன்னும் நாலு பொண்ணுங்க இவ கையைத்தான் பாத்துட்டு இருக்காங்க. அடுத்த மேட்சும் இப்படியே போச்சுன்னா பந்தை வேற பொண்ணுகிட்ட குடுத்துட்டு இவளை ஓரமா ஆட விட்டுடுவேன்."

அன்று சாயங்காலம் கீர்த்தனா என்னிடம் வந்து, "அவங்க மாத்துறதுக்கு முன்னாடி நானே விட்டுடுறேன் அத்தை" என்றாள். "எதை, அந்த இடத்தையா?" "ஆட்டத்தையே." செல்வி அடுப்படியிலிருந்து வந்து பெண்ணின் எதிரே நின்றாள். பிறகு காதைத் தொட்டுக் காட்டினாள். புரியவில்லை, திரும்பச் சொல். பெண் திரும்பச் சொல்லவில்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு நாங்கள் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தோம்.

இந்த இடத்தில் உன் லைன் கூட்டாளி ஏழுமலை வருகிறான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தவன், "இன்னா டீச்சரக்கா, பாப்பா ஆட்டம் எப்டி கீது?" என்று கேட்டான். இருப்பதைச் சொன்னேன். கம்பத்தைப் பார்க்கிறாள் என்பதையும் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "அவ்ளோதான மேட்டரு? ஆளு இல்லன்னுதான தேடுது? நாங்க கீறோம்ல!" என்றான். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

போன வாரம் நான்காவது ஆட்டம். சென்னைக் கல்லூரி அணி வந்திருந்தது, எல்லோரும் நல்ல உயரம். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் வாசலில் ஒரே சத்தம். கம்பெனி பஸ்ஸிலிருந்து உன் லைன் ஆட்கள் கும்பலாக இறங்கியிருந்தார்கள். "யாருப்பா நீங்கள்லாம்? யாரு வேணும்?" என்று செக்யூரிட்டி மறித்தார். "எங்க பொண்ணு ஆடிக்கினு இருக்குது, வழி வுடு தல" என்றான் ஏழுமலை. அத்தனை பேருக்கும் ஒரு பெண்ணா என்று அவர் திகைத்து நிற்பதற்குள் எல்லோரும் உள்ளே வந்து, அந்தக் கம்பத்தைச் சுற்றி வரிசையாக நின்றுவிட்டார்கள்.

நல்ல மனதால் வந்த தவறு, முரளி. உங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. கீர்த்தனா பந்தோடு கோட்டைத் தாண்டினாள், பழக்கத்தில் கம்பத்தைப் பார்த்தாள். அங்கே ஒருவன் உள்ளங்கையை அமுக்குகிறான், மெதுவா. அடுத்தவன் மணிக்கட்டைத் தட்டுகிறான், சீக்கிரம். இன்னொருவன் மார்பில் விரலை வைத்து, என்னிடம் அனுப்பு என்கிறான். அவனிடம் பந்தை அனுப்பி என்ன செய்வது? இரைச்சலுக்கு நடுவே வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையால் கூச்சல் போட்டார்கள். பந்து பறிபோனது. அடுத்த தடவையும் பறிபோனது. கோச் மாற்று ஆட்டக்காரியை எழுந்து நிற்கச் சொன்னார். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

பந்து மறுபடியும் கீர்த்தனாவிடம் வந்தது. கோட்டைத் தாண்டி நின்றாள். வலது கை பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. முகத்தைக் கம்பத்தின் பக்கம் முழுதாகத் திருப்பி, இடது கையை மூடித் தலைக்கு மேலே தூக்கினாள்.

நிறுத்து.

அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். ஏழுமலை முதல் கடைசி ஆள் வரை, ஒரே நொடியில் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தானே அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். கூட்டம் சிரித்தது. கீர்த்தனாவை மறித்து நின்ற உயரமான பெண், யாரையோ போலீஸ் பிடிக்கிறதோ என்பது போலத் திரும்பிப் பார்த்தாள். அந்த இமைப்பொழுதில் கீர்த்தனா அவளைத் தாண்டிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் அணியின் நான்கு பேரை மட்டுமே பார்த்தாள். மணிக்கட்டைத் தட்டினாள், ஓடினார்கள். காதைத் தொட்டாள், பந்து திரும்ப அவளிடமே வந்தது. மெதுவாக என்று அவள் காட்டவே இல்லை. எழுந்து நின்ற மாற்று ஆட்டக்காரி தானாகவே உட்கார்ந்துவிட்டாள்.

நடுவில் ஒரு தடவை சிமென்ட் தரையில் விழுந்தாள், முரளி. நல்ல அடி. முழங்காலில் தோல் வழன்று ரத்தம் வந்தது. நான் எழுந்துவிட்டேன். அவள் எனக்கு முன்பே எழுந்துவிட்டாள், ஓடிக்கொண்டிருந்தாள்.

கம்பத்தின் பக்கம் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. உன் ஆட்கள் கையை இறக்கவில்லை. "ஏழுமலை, எறக்குப்பா, கை வலிக்கப்போகுது" என்றேன். "பாப்பா இன்னும் ரிலீஸ் குடுக்கலயேக்கா" என்றான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். டைம் அவுட்டில் தண்ணீர் குடிக்க வந்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் தோளைப் பிடித்துக்கொண்டு கையை இறக்கினார்கள். அப்போதுதான் அவள் சிரித்தாள். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்ப்பது முதல் தடவை.

ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். ஒரே ஒரு கூடை வித்தியாசம். கோச் அவளிடம் வந்து முழங்காலைப் பார்த்தார். "மருந்து போடு. அடுத்த மேட்சும் நீதான் பந்தை எடுத்துட்டு வர்றே" என்று சொல்லிவிட்டுப் போனார். "சரி மேடம்" என்றாள். ஆட்டத்தை விட்டுவிடும் பேச்சு அத்தோடு முடிந்தது.

வெளியே டீக்கடையில் ஏழுமலை என்னிடம் தனியாக ஒன்று சொன்னான். "உங்ககிட்ட சொல்லலாமோ கூடாதோ தெர்லக்கா. முரளிக்கு அந்த ஆட்டத்துல ஒண்ணுமே தெரியாது. நானே கேட்டேன், இன்னாடா எப்பப் பாரு மெதுவா மெதுவான்னே காட்றியேன்னு. சிமிட்டுத் தரைடா, புள்ள வுழுந்துடப் போவுதேன்னு பயமா கீதுடான்னான்."

அசிஸ்டன்ட் கோச்! உன் பயத்தை நாங்கள் எல்லோரும் வியூகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமா?

இதைக் கீர்த்தனாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் மனதில் வைத்திருந்தேன். பிறகு, பஞ்சு வைத்து அவள் முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் அத்தை. அப்பா எப்பவும் அந்த ஒண்ணைத்தான் காட்டுவாரு. சில நேரம் கேப்பேன், சில நேரம் கேக்க மாட்டேன். அவர் அங்க நிக்கிறாரான்னு மட்டும்தான் பாப்பேன்."

பஞ்சை மறுபடியும் மருந்தில் நனைத்தேன். "இப்ப?" என்று கேட்டேன். "இப்ப பாக்க மாட்டேன் அத்தை. பாத்தா பந்து போயிடுது" என்றாள். முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா கோச்சுக்குவாரா?" என்றாள்.

அதை உன்னிடமே கேட்கிறேன். நீ என்ன சொல்லியிருப்பாய்? கோபித்துக்கொண்டிருப்பாயா? முகத்தை வேறு பக்கம் திருப்பி, காது கேட்காதது போல நின்றிருப்பாயா?

நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த சீசனில் அவள் ஆடும் எந்த ஆட்டத்தையும் தவறவிட மாட்டேன். செல்வியோடு பெஞ்சில் உட்காருவேன், அந்தக் கம்பத்தின் பக்கத்தில் போய் நிற்க மாட்டேன். அவள் வேகமாக ஓடும்போது என் கை தானாகக் கீழே அமுங்கப் பார்க்கும். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொள்வேன். அவள் விழுந்தால், எழுந்திருக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு அவள் மூடிய கையைத் தூக்கியபோது, எங்கே இருந்தாலும் நீயும் இரண்டு கைகளையும் தூக்கியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அவள் கட்டை விரலைக் காட்டிவிட்டாள், முரளி. கையை இறக்கிக்கொள்.

உன்னோடு கத்திக் கத்தியே பேசிப் பழகிய,
உன் அக்கா