தேவிக்கென்று தந்த வடை

9 ஏப்ரல், வியாழன். லூயிஷாம், லண்டன்

காலையிலிருந்து தூறல். சின்னப் பெட்டி இரண்டு. குடை ஒன்று, என் நீலக் கோட், இவருடைய கொலஸ்ட்ரோல் குளிசை, சார்ஜர், சுவிஸ் பிளக் (மறக்கக் கூடாது).

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். சுவிசுக்கு மூன்று தரம் போயிருக்கிறோம்: இரண்டு கல்யாணவீடு, ஒரு செத்தவீடு. பார்த்தது மண்டபம், மண்டபத்துக் குசினி, யாரோ வீட்டு சோபா. லுசேர்ன் ஏரியைப் போட்டோவில் மட்டும்தான். இந்த முறை பிள்ளைகளைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் இவருடைய சித்தப்பா மகன் ஸ்டேஷனுக்கே வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு மூன்று நாளும் புட்டும் கறியும், ஊர்க்கதையும்.

ஆனால் நாளைக்குக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க ஆள் வேண்டுமே. போன கிழமையே பக்கத்து வீட்டு ராசன் அண்ணையிடம் மட்டும் சொல்லி வைத்தேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். இன்றைக்குப் பின்னேரம் கையில் டின்னோடு வந்து நிற்கிறார். பழைய பிஸ்கட் டின், சுற்றிவரப் பிளாஸ்டர், மேலே விலாசம்.

"பிள்ளை, என்ரை தங்கச்சி தேவி லுசேர்னிலைதான். ஸ்டேசனிலை இருந்து பஸ்ஸிலை பத்து நிமிசம். தட்டை வடை. நானே சுட்டனான். கையிலை குடுத்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

"போன் நம்பரைத் தாங்கோ அண்ணை, அடிச்சிட்டுப் போறம்."

"நம்பர் என்னட்டை இல்லை." சிரித்தார். "ஏழு வருசமாக் கதை பேச்சில்லை."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அரை மணித்தியாலம் போகும், பெட்டி இன்னும் மூடவில்லை.

10 ஏப்ரல், வெள்ளி. லுசேர்ன்

நல்ல வெயில். வந்திறங்கியதும் ஏரி. பச்சையா நீலமா என்று இவரோடு சண்டை. மலையில் பனி, மரப்பாலம், பாலத்தடியில் அன்னங்கள். இவர் ஒரே போஸில் பதினொரு போட்டோ. ஐஸ்கிரீம் ஒன்று வாங்கி இரண்டு பேரும். நெடுநாளைக்குப் பிறகு இவர் என் கையைப் பிடித்து நடந்தார், ஏரிக்கரைக் கல் வழுக்கும் என்று சாட்டு.

டின் ஹோட்டல் அறையில். "நாளைக்குக் குடுப்பம்" என்றார். நானும் ஓம் என்றேன்.

11 ஏப்ரல், சனி. லுசேர்ன்

நாள் முழுக்க மழை. கப்பலில் ஒரு சுற்று. மலையைக் காணோம், முகில்தான்.

டின்னை இவருடைய முதுகுப்பையில் கொண்டு திரிந்தோம், போகிற வழியில் கொடுக்கலாம் என்று. நான்தான் தள்ளிப் போட்டேன். தமிழ் வீட்டு வாசலில் டின்னை நீட்டிவிட்டுத் திரும்பி வர முடியுமா? இருங்கோ என்பார்கள், தேத்தண்ணி, பிறகு சாப்பாடு. எங்கள் ஒரு பின்னேரம் போய்விடும்.

மூன்று மணிக்குக் கடும் பசி. உணவகத்தில் மெனுவில் விலையைப் பார்த்து மூடிவிட்டு எழும்பி வந்தோம். ஏரிக்கரையில் கூரை போட்ட வாங்கில் போய் இருந்தோம்.

"ஆளுக்கு ஒண்டு எடுத்தால் தெரியவே போகுது?" இவர்.

பிளாஸ்டரைப் பிரித்தது என் நகம். எழுதி வைக்கிறேன், பிறகு இவர்மேல் பழியைப் போடக் கூடாது.

நல்ல மொறுமொறுப்பு. பெருஞ்சீரகம் சரியான அளவு, உறைப்பு காதுவரை. ஆளுக்கு ஒன்று இரண்டாகி, நாலாகி, பிறகு எண்ணவில்லை. சிரித்துச் சிரித்துத் தின்றோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. நொறுங்கியதை அன்னத்துக்கும் போட்டேன்.

அடியில் எண்ணெய் ஊறிய தாள். அதன் கீழே மடித்த கொப்பித் தாள் ஒன்று.

"தேவி, கோபம் போயிருந்தால் ஒரு போன் எடு. நம்பர் கீழே. கோபம் போகேல்லை எண்டாலும் வடையைச் சாப்பிடு. அண்ணா."

இவர் வாயில் இருந்ததை விழுங்கினாரோ துப்பினாரோ தெரியாது. நான் பார்க்கவில்லை.

12 ஏப்ரல், ஞாயிறு

காலை விலாசத்தைத் தேடிப் பஸ்ஸில் போனோம். சரியாகப் பத்து நிமிடம். மூன்றாம் மாடி. பெல்லில் தேவியின் பெயர். விரலை வைத்தேன், அழுத்தவில்லை. வெறும் டின்னை நீட்டி என்ன சொல்வது? தாளை மட்டும் தபால் பெட்டியில் போடலாம் என்றார் இவர். வடையைச் சாப்பிடு என்று எழுதிய தாளை, வடை இல்லாமல்? உள்ளே குக்கர் விசில் அடித்த சத்தம். திரும்பி வந்துவிட்டோம்.

பின்னேரம் லூயிஷாம். ராசன் அண்ணை கேற்றடியில்.

"குடுத்தனீங்களோ?"

"ஓம் அண்ணை, கையிலை." நான்தான் சொன்னேன். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னவ?"

"சந்தோசப்பட்டா."

எப்படி வந்தது அந்தச் சொல்? யோசிக்கவே இல்லை. டின் என் பெட்டிக்குள், உள்ளாடைக்கு நடுவில்.

13 ஏப்ரல், திங்கள்

வேலை. கன்டீனில் லிசா "ஹொலிடே எப்படி" என்று கேட்டாள். லவ்லி என்றேன்.

ராசன் அண்ணை முற்றம் கூட்டும்போதும் கையில் போன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தால் டிவி சத்தத்தைக் குறைத்துக் காது கொடுக்கிறேன். ஒருதரம் டொக்டர் கிளினிக், ஒருதரம் யாரோ காப்புறுதிக்காரன்.

14 ஏப்ரல், செவ்வாய். வருசப்பிறப்பு

அரை நாள் லீவு. கோயிலில் சனம். ராசன் அண்ணை புதுச் சேர்ட், பொக்கற்றில் போன். ஐயர் தீபம் காட்டும்போதும் எடுத்து ஒருதரம் பார்த்தார். நல்ல நாளில் தேவி போன் எடுப்பா என்று நினைத்திருப்பார்.

பின்னேரம் எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். போகும்போது படியில் நின்று:

"பரவாயில்லை, பிள்ளை. போன் எடுக்கேல்லை எண்டாலும் வடையைச் சாப்பிட்டிருப்பா. அது காணும்."

கதவைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். வெட்கம். வேறு பெயர் இதற்கு இல்லை. பொங்கலை இவரும் தொடவில்லை.

15 ஏப்ரல், புதன்

வேலை முடிந்து நேரே ராசன் அண்ணை வீடு. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இவர் வாறன் என்றார், வேண்டாம் என்றேன். டின்னையும் தாளையும் மேசையில் வைத்துவிட்டு எல்லாம் சொன்னேன். பசி, மழை, அன்னத்துக்குப் போட்டது, பெல், பொய். தாளை வாசித்ததையும்.

டின்னைத் திறந்து பார்த்தார். மூடினார். திட்டுவார் என்று இருந்தேன், திட்டியிருக்கலாம்.

"பெல்லிலை அவவின்ரை பேர் இருந்ததோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப வீடு மாறேல்லை."

"அண்ணை, நான் திரும்பப் போய்..."

"நீங்கள் வீட்டை போங்கோ பிள்ளை, களைச்சுப்போய் வந்திருக்கிறீங்கள்."

அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்தினார்.

16 ஏப்ரல், வியாழன்

பின்னேரம் சுவர் வழியாக வடை சுடுகிற எண்ணெய் மணம். நாளை மறுநாளுக்கு லுசேர்னுக்கு டிக்கெட் எடுத்தேன், எனக்கு மட்டும். போய் அன்றைக்கே திரும்ப. மேலாளரிடம் ஷிப்ட் மாற்றம் கேட்டாயிற்று.

17 ஏப்ரல், வெள்ளி

வெயில். பச்சைக் குப்பைத் தொட்டி வைக்கிற நாள்.

கதவைத் திறந்தால் படியில் டின். பிளாஸ்டர் நாலு சுற்று, விலாசம் புதிதாக எழுதி. அதற்குப் பக்கத்தில் ஒரு பொலித்தீன் பை, வாயைக் கட்டி, அதில் தாள்: "இது உங்களுக்கு."

உள்ளே பத்து வடை. இவர் ஒன்றை எடுத்தார். "நாளைக்குத் தேவிக்குக் குடுத்தாப் பிறகு தின்னுவம்" என்றார். திரும்பப் பைக்குள் போட்டுக் கட்டினார்.