படித்துவிட்டேன் என்று நான் சொன்ன புத்தகம்

என்றைக்கும் என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

அக்கா பரவாயில்லை. சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாள். உங்கள் சட்டைகளை மட்டும் இன்னும் யாருக்கும் கொடுக்க மனமில்லை அவளுக்கு. என் நான்காவது நாவல் வந்துவிட்டது. முந்தைய மூன்றின் வெளியீட்டுக்கும் முதல் வரிசையில் நீங்கள் இருந்தீர்கள். இந்த முறை அந்த நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள்தான் என் புத்தகங்களைக் கேன்டீன் வரை கொண்டுபோனீர்கள். "எங்க கொழுந்தியா எழுதுனது அண்ணாச்சி. வாசிச்சுட்டுச் சொல்லும்" என்று ஒவ்வொருவர் கையிலும் திணிப்பீர்களாம். நாசரேத்தில் உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்துவிட்டுத் திரேஸ்புரத்தில் மீன் ஏலம் விடுகிறவர் ஒருவர் எனக்குப் போன் செய்தாரே, அது நீங்கள் செய்த வேலை.

ஓய்வு பெற்ற பிறகு பதினோரு கதைகளைச் சேர்த்து நீங்களும் ஒரு புத்தகம் போட்டீர்கள். "ஒங்க அக்காவுக்கே இன்னும் குடுக்கல" என்று முதல் பிரதியை என்னிடம் நீட்டினீர்கள். வாங்கி மேசையில் வைத்தேன். அப்போது என் மூன்றாவது நாவல் வந்திருந்த நேரம். காலையில் ஒரு பதிவு, சாயங்காலம் ஒரு வீடியோ, யார் விமர்சனம் எழுதினார்கள், யார் இன்னும் எழுதவில்லை என்று ஒரே ஓட்டம். என்னைப் படியுங்கள் என்று ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு உங்களைப் படிக்க நேரமில்லை. உங்கள் வெளியீட்டில் பின்னட்டையையும் முதல் கதையையும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஏரல் வழியாக பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் முற்றத்தில் போனை நிறுத்திவைத்து என் நாவலைப் பற்றிப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். நீங்கள் மடியில் பையை வைத்து, ஜிப்பைப் பாதி திறந்தபடி கேட்டீர்கள்.

"எஸ்தரு, அந்தப் பல்வலிக் கதை வரைக்கும் வந்துட்டியாம்மா?"

"அதுதானே அத்தான் தொகுப்புலயே பெஸ்ட்."

"முழுசா வாசிச்சியா?"

"ஒரே மூச்சுல."

 நீங்கள் ஜிப்பை மூடினீர்கள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து, "போன எங்கிட்ட குடு, நான் பிடிக்கேன். வெயில் ஒம் முகத்துல விழுது, இங்கன தள்ளி நில்லு" என்றீர்கள். இரண்டு முறை எடுத்தோம். என் புத்தகத்தை எல்லாரும் வாங்கிப் படிக்க வேண்டும் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதை, உங்கள் கைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் இறந்த பிறகு, உங்கள் நண்பர்கள் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். "அவுகளுக்கு அந்தப் பல்வலிக் கதைதான் உசிரு. நீயே மேடையில வாசிளா" என்றாள் அக்கா. அன்றைக்குத்தான் உங்கள் புத்தகத்தை முதன்முறையாக முழுதாகப் புரட்டினேன். அறுபத்து நாலாம் பக்கத்துக்குப் பிறகு மறுபடியும் நாற்பத்தொன்பது வந்தது. பைண்டிங்கில் அதே பதினாறு பக்கங்களை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு, அடுத்த பதினாறை விட்டிருந்தார்கள். பொருளடக்கத்தில் பல்வலிக் கதை இருந்தது. என் பிரதியில் அந்தக் கதையே இல்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கொஞ்சம் காப்பி அப்படித்தான் வந்துட்டு. அவுக ஒவ்வொரு வீடாப் போய் மாத்திக் குடுத்தாகள்ளா. ஒனக்குத்தான் மொதல்ல கொண்டாந்தாக" என்றாள்.

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"நீ ஒண்ணு விடாம வாசிச்சிட்டேன்னு வந்து சொன்னாகளே. ரெம்பச் சந்தோசமாச் சொன்னாக" என்றவள், பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. மாற்றிக் கொடுக்க எடுத்து வந்த பிரதி உங்கள் பைக்குள்ளேயே இருந்ததாம். உள்ளே என் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் அத்தான் என்னிடம் கேட்கவில்லை? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? அக்காவிடம்கூட ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

அந்தப் பிரதியை வாங்கிப் படித்தேன். கரையில் இறங்க அனுமதி கிடைக்காத கப்பலில், துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வெளிநாட்டு மாலுமிப் பையன். கிரேன் உச்சியிலிருந்து அவனைத் தினமும் பார்க்கிற ஆள், கப்பலுக்குள் வேலைக்கு ஏறுகிறவர் கையில் கிராம்புப் பொட்டலம் கொடுத்துவிடுகிறான். அடுத்த நாள் துண்டு இல்லை. அனுப்பியது யாரென்று தெரியாமல், அந்தப் பையன் ஒவ்வொரு கிரேனையும் பார்த்துக் கையசைக்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். அப்படி ஒரு வரி நான் இதுவரை எழுதியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மனிதநேயம் பற்றி ஒரு பத்தி போட்டிருக்கிறீர்கள். அது வேண்டாம் அத்தான். கையசைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் என்னோடு சண்டை போட்டிருப்பீர்கள்!

கூட்டத்தில் கதையை வாசிப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன். பின்னட்டையைப் படித்துவிட்டுப் பேசியது, படிக்காமலே பெஸ்ட் என்று சொன்னது, எல்லாம். யாரும் கைதட்டவில்லை. அக்கா தலை குனிந்தே இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ரொம்ப நேரம் கழித்து, "சொன்னது நல்லதுதான். ஆனா எனக்கு மனசு ஆறலளா" என்றாள். 

நேற்று அவளாகவே ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். அச்சுக்குப் போகாத உங்கள் கதைகள், ஏழு நோட்டுகள். "வாசிச்சிட்டுத்தான் பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நோட்டில் நான்கு கதைகள் முடித்திருக்கிறேன். இரண்டு நன்றாக இருக்கின்றன. ஒன்று சுமார். நான்காவது தேறாது. எஞ்சியதையும் ஒரு பக்கம் விடாமல் படிப்பேன் அத்தான். பிடித்ததைப் பிடித்தது என்றும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் அக்காவிடம் சொல்வேன். அவள் உங்கள் பக்கம் நின்று என்னோடு சண்டை போடட்டும்.

உங்களை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கும்,
உங்கள் கொழுந்தியாள்
எஸ்தர்