முத்தாயி தொடுத்த வழக்கு

மெல்பர்ன்
15.01.2024

அன்புள்ள நிரோஷாவுக்கு,

பொங்கல் பொங்கி இறக்கிய கையோடு எழுதுகிறேன். போனில் என்றால் பிள்ளைகளைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். இது ஆற அமரச் சொல்ல வேண்டிய விஷயம்.

அப்பா நம் அம்மன் கோவிலுக்குக் கட்டிக்கொடுத்த மண்டபம் ஆவணியில் திறக்கப்படுகிறது. அவர் ஆசைப்படியே அதற்கு அவருடைய பூட்டனார் வேலாயுதக் கங்காணியின் பெயர். இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து கோப்பித் தோட்டங்களில் வாழவைத்தவர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கல்லில் நாலு வரி எழுத வேண்டும். அதை ஆதாரத்தோடு எழுத ஆசை. அந்தக் காலத்து நீதிமன்றப் பதிவுகள் இன்னும் இருக்கின்றன என்று நீதானே சொன்னாய்? ஊர் வழக்குகளில் அவர் சாட்சி சொல்லியிருப்பார். சட்டத்தரணியான உனக்குப் பார்க்க அனுமதி கிடைக்கும். தேடிப் பார்ப்பாயா?

உன் அப்பா சிவஞானம் மாமா முழங்கால் வலியோடு பலாபத்வலைக்குத் தனியாகப் பஸ் ஏறுகிறாராமே. கண்டித்து வை.

என்றும் உன்
சுதா


மாத்தளை
02.04.2024

அன்புத் தோழி சுதாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. அனுமதி கிடைக்கவே மாசி பிறந்துவிட்டது. தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன.

வேலாயுதக் கங்காணி கிடைத்தார். சாட்சிக் கூண்டில் அல்ல, எதிரிக் கூண்டில்.

நடந்தது 1871இல். முத்தாயி என்ற பெண் புருஷனோடும் நாலைந்து வயது மகனோடும் மன்னார் வழியாக நடந்து வந்தவள். வழியில் புருஷன் இறந்துபோனான். அவன் பெற்ற முன்பணத்துக்கு இவள்தான் பொறுப்பு என்று கங்காணி இவளையும் இன்னும் பலரையும் வேறொரு தோட்டத்துக்கு ஒப்படைத்தார். விற்றார் என்றுதான் அவள் வாக்குமூலம் சொல்கிறது. மகனை மட்டும் தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒருநாள் அவள் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லக்கலப் பக்கம் பிடித்துவிட்டார்கள். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது அன்றைய சட்டப்படி குற்றம். அவளுக்குச் சிறை. பிள்ளை மறுபடியும் கங்காணி வீட்டுக்கே போனான்.

சிறையிலிருந்து வந்தவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை, சுதா. நேரே நீதிமன்றப் படியேறிக் கங்காணி மேல் முறைப்பாடு கொடுத்தாள். பதிவில் உள்ள ஆங்கிலத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: “என்னை ஜெயிலுக்கு அனுப்புனீங்க. போயிட்டு வந்துட்டேன். இப்ப எம் புள்ளைய குடுக்கச் சொல்லுங்க.”

நீதவான் கங்காணியை வரவழைத்தார். தகப்பன் கடனுக்குப் பிள்ளையைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பாகி, கங்காணிக்குத் தண்டமும் விழுந்தது. அவள் மகனோடு போனதைப் பார்த்து, அவளோடு விற்கப்பட்ட மற்றவர்களும் ஒவ்வொருவராக வழக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் விடுபட்டார்கள்.

அவள் பிறகு யட்டவத்தைப் பக்கம் குடியேறினாள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அங்கே எங்களைச் சிறைக்காரி வீடு என்பார்கள், உனக்குத் தெரியும். திருடிவிட்டு உள்ளே போனவளின் வம்சம் என்று ஊர் பேசியதை நாங்களும் நம்பினோம். அந்தப் பேச்சால்தான் பேச்சியம்மா அத்தைக்கு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போயின. எங்கள் வம்சத்து மூத்தவள் பெயர் முத்தாயி என்று அப்பா சொல்கிறார்.

பிரதிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

உன்
நிரோஷா


மெல்பர்ன்
25.04.2024

நிரோஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்டது நாலு நல்ல வார்த்தை. நீ அனுப்பியது குற்றப்பத்திரிகை. அன்றைக்கு எல்லாக் கங்காணிமாரும் அப்படித்தான் இருந்தார்கள். எங்கள் ஆளை மட்டும் இழுப்பது என்ன நியாயம்? கண்ணை மூடும்வரை அப்பா இந்த மண்டபத்தைப் பற்றித்தான் பேசினார். உன் வீட்டுக் கறையைக் கழுவ எங்கள் பெயர்தான் கிடைத்ததா?

இதைக் கோவில் சபையில் வைத்தால், நமக்குள் இனி ஒன்றுமில்லை.

சுதர்ஷினி


மாத்தளை
10.06.2024

என் சுதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆனாலும் சபையில் வைத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

சபைத் தலைவர் உன் சித்தப்பா யோகராஜ் என்பதால் முதலில் அவரிடமே பிரதிகளைக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார். கூட்டத்துக்கு யட்டவத்தையிலிருந்து லொறி பிடித்து வந்திருந்தார்கள். முத்தாயி பிள்ளையைக் கேட்ட இடத்தை வாசித்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி எழுந்து, திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். முடிப்பதற்குள் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பேச்சியம்மா அத்தை அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

பழைய கதை இப்போது எதற்கு என்று ஒருவர் முணுமுணுத்தார். கூட்டத்தில் வாயே திறக்காத அப்பா எழுந்தார்.

“எம் பேரு சிவஞானம். சிறைக்காரி வீடு. இத்தன காலமும் தலைய குனிஞ்சுகிட்டு சொன்னேன். இன்னைக்கு நிமிர்ந்து சொல்றேன்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மண்டபத்துக்கு முத்தாயி பெயரை வைக்க வேண்டும் என்று சனம் கேட்டது. தனக்கும் சம்மதம்தான், ஆனால் அது அண்ணன் கட்டியது, அண்ணன் மகள் சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றார் உன் சித்தப்பா. அது சரிதான். முடிவு உன் கையில். உன் அப்பாவைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

நீ எழுதாவிட்டாலும் உன் தோழியான
நிரோஷா


மெல்பர்ன்
08.07.2024

நிரோ,

நீ அனுப்பிய பிரதிகளைப் பிரிக்காமலே அலுமாரியில் போட்டிருந்தேன். போன வாரம்தான் எடுத்து வாசித்தேன். எனக்கு நோகுமென்று நீ எழுதாமல் விட்ட ஒன்று அதில் இருந்தது. சிறையில் முத்தாயிக்குத் தலையை மழித்திருந்தார்கள். நீதிமன்றத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவனுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. அவள் வாய் திறந்து பேசின பிறகுதான், குரலைக் கேட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். முத்தாயி மண்டபம். அப்பா இருந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பார். கடைசியில் நான்தான் ஜெயித்திருப்பேன்.

டிக்கெட் போட்டாயிற்று. கல்லின் திரையைச் சிவஞானம் மாமாவும் பேச்சியம்மா அத்தையும் விலக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். அந்த நாலு வரியையும் நானே எழுதுகிறேன். வேலாயுதக் கங்காணியின் பெயர் அதில் இருக்கும், எங்கள் குடும்பம் என்பதும் இருக்கும். அதை விட்டுவிட்டால், அவள் யாரை ஜெயித்தாள் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

உன்
சுதா