அப்பா கறுப்பாக்கிய நரை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதில் பாதிதான் உண்மை, மீதியை நடுவில் சொல்கிறேன். அங்கே நீ நலம் என்று நீ சொல்கிறாய், உன் முகம் அப்படிச் சொல்லவில்லை. கையில் போன் இருக்கும்போது இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, அப்புறம் பேசறேன்மா" என்று நழுவிவிடுகிறாய், கடிதத்திடம் அந்த வேலை நடக்காது, உட்கார்ந்து முழுசாகப் படித்தே ஆக வேண்டும். படிக்கும்போது சாப்பிட ஏதாவது பக்கத்தில் வைத்துக்கொள். டீயும் பன்னும் சாப்பாட்டில் சேராது.

முதலில் உன் தங்கையைத் திட்டாதே. அவள் வாயில் ரகசியம் நிற்காது என்று தெரிந்தும் அவளிடம் போய்ச் சொன்னது உன் தப்பு. அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில் அந்த அதிகாரி உன் போட்டோவையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது உன் தம்பியா என்று கேட்டாராமே. அதைக் கேட்டு நான் கடையில் ஆள் இருக்கிறதைக் கூடப் பார்க்காமல் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ செய்ததைக் கேட்டுத்தான் சிரிப்பு நின்றது. வேறு போட்டோ எடுத்துக்கொண்டு போகாமல், ஒரு டப்பா மை வாங்கித் தலையில் பூசிக்கொண்டு, போட்டோவைப் போலவே ஆகிப் போய் நின்றிருக்கிறாய். முப்பது கூட ஆகாத பிள்ளைக்கு ஏதடா பூசி மறைக்கிற அளவுக்கு நரை? நீ அனுப்பி, அப்பா அளவு பார்த்து, நான் என் கண்ணால் பார்த்த படத்தில் ஒரு வெள்ளை முடி கூட இல்லையே என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே அப்பா வேலை செய்கிற உள் அறைக்குப் போனேன்.

நம் வீட்டில் யாரும் வெளிக் கடையில் போட்டோ எடுக்கக்கூடாது என்பது உன் அப்பா போட்ட சட்டம், உனக்குத் தெரியும். சுவரோரமாய் நின்று போனில் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும், அவர் ஸ்டூடியோவில் சரிசெய்து திருப்பி அனுப்புவார். அந்தச் சரிசெய்வதில்தான் விஷயமே இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்குமா? எதிரில் இருப்பது யார் முகம் என்றே பார்க்காமல் பரு, கருவளையம், சுருக்கம் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடுவார். போன வருஷம் பேங்க் காசாளர் அம்மாவின் மூக்கோரத்து மச்சத்தைத் தூசி என்று எடுத்துவிட்டு, அது என் அங்க அடையாளம்யா என்று அந்த அம்மா சண்டைக்கு வந்ததை முன் மேஜையில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டது நான். பையன் படத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பண்ணலையே, கொஞ்சம் தூசி இருந்துச்சு, தட்டிவிட்டேன்" என்றார். தலை முழுக்கவா தூசி என்றேன். மனிதர் எழுந்து, வராத வாடிக்கையாளரைப் பார்க்க வாசலுக்குப் போய்விட்டார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கை படுவதற்கு முன்னால் நீ அனுப்பியபடியே இருந்த படங்களைத் திறந்தேன். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் வெள்ளை. நெற்றியிலும் வாயைச் சுற்றியும் திட்டுத் திட்டாகக் கறுப்பு, வாயோரத்தில் வெடிப்பு. மோவாயில் கை வைத்து எடுத்த படத்தில் விரல் கணுக்கள் எல்லாம் மை தொட்டு வைத்ததுபோல் இருந்தன. அவர் திருத்திய படங்களில் உன்னை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், பார்த்தது உன்னை இல்லை.

மறுநாளே கடையைச் சாத்திவிட்டு, படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு நம் டாக்டரம்மாவிடம் போனேன். படத்தைப் பார்த்து வைத்தியம் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா என்று முதலில் ஒரு அதட்டு. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகவே பார்த்தார். நரை மட்டும் என்றால் பரம்பரையாக இருக்கும், அதற்காக யாரும் சாவதில்லை, ஆனால் விரல் கணு கறுத்து, வாயோரமும் வெடித்திருந்தால் உடம்பில் ஏதோ சத்து குறைகிறதா என்று பார்த்துவிட வேண்டும், பி12, இரும்பு, தைராய்டு எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். "கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொன்னானா?" என்று கேட்டார். போனில் சொன்னாயே! அதற்கு உன் அப்பா, காலை மடக்கி உட்கார்ந்து வேலை செய்தால் அப்படித்தான் என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாரே. அடுத்து, வீட்டில் வேறு யாருக்கு இளநரை என்றார். யாருக்கும் இல்லை, இவருக்கே நாற்பதுக்கு மேல்தான் நரைத்தது, கல்யாணப் போட்டோவே சாட்சி என்று நான் அடித்துச் சொன்னேன். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருபத்தஞ்சுலயே வந்துருச்சு" என்றார். கேட்டுக்கொள் கண்ணா. பிலிம் கழுவுகிற இருட்டறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவைத் திறக்காதே, வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்று என்னை வருஷக்கணக்கில் வெளியே நிறுத்தியிருக்கிறாரே, உள்ளே பாதி நாள் நடந்தது தலைக்கு மை அடிக்கிற வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாளும் அதே வேலைதானாம். நான் அந்த இருட்டறைக்கு வாசலிலிருந்து டீ வேறு நீட்டியிருக்கிறேன். அவர் படத்தைத் திருத்துகிறார், நீ தலையைத் திருத்துகிறாய், நல்ல வம்சம்.

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கிறாரே என்று நானும் குஷியாகி இன்னொன்றும் எடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் முன்பு உன் அப்பா கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார், இன்னொன்று வழியில் கழன்று விழுந்தது அவருக்கே தெரியவில்லை, நான்தான் பார்த்துச் சொன்னேன், தெருவே சிரித்தது என்று கதையாகச் சொன்னேன். அந்த அம்மாவின் சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டு, இது எந்த விரல் என்று கேட்டார். அவர் தப்புத் தப்பாகச் சொன்னார். தொடாதபோதும் தொட்டதாகச் சொன்னார். அங்கேயே ரத்தம் எடுத்தார்கள், பி12 அடிமட்டத்தில் இருக்கிறது. சாப்பாட்டில் குறை இல்லையாம், வயிறு அதை உடம்பில் சேர்க்கவில்லையாம், இது குடும்பத்தில் தொடர்ந்து வரவும் கூடுமாம். இப்போது ஊசி போடுகிறார்கள். ஊசியைக் கண்டதும் அவர் போடுகிற சத்தத்தில் வெளியே காத்திருக்கிற குழந்தைகள் எல்லாம் அழ ஆரம்பித்துவிடுகின்றன, நர்ஸ் எங்களைக் கடைசி ஆளாகத்தான் வரச் சொல்லியிருக்கிறாள். ஆனால் விரலில் போன உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று கேட்டதற்கு, "ரொம்ப வருஷம் விட்டுட்டீங்க, உறுதியா சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார். நான் அந்தச் செருப்புக்கு எவ்வளவு சிரித்தேன் தெரியுமா? இப்போது அவர் வீட்டுக்கு வந்தால் முதலில் காலைப் பார்க்கிறேன்.

உனக்கும் அதேதான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அதுவா, வேறா, ஒன்றுமே இல்லையா என்று ரத்தம்தான் சொல்ல வேண்டும் என்றார். அதற்கு முன்னால் மருந்துக் கடையில் நீயாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, பரிசோதனையில் சரியாகத் தெரியாமல் போகுமாம். அப்பாவுக்கு இருப்பதையும் அங்கே டாக்டரிடம் மறக்காமல் சொல். முடி மறுபடி கறுக்குமா என்று கேட்டேன், கறுத்தாலும் கறுக்கும், இல்லாவிட்டாலும் போகட்டும், காலைக் கவனியுங்கள் என்றார். உனக்கு எறும்பு ஊர்கிறது என்றால் அங்கே இன்னும் உணர்ச்சி இருக்கிறது என்றுதானே அர்த்தம். இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறதடா. இத்தனை கிண்டலும் அதனால்தான். இந்த வாரத்துக்குள் நீ போகவில்லை என்றால் நாங்கள் இருவரும் கிளம்பி வந்து உன் ஒற்றை அறையில் மூன்று மாதம் தங்குவோம். அப்பா கேமரா, விளக்கு, பின்னால் தொங்கவிடுகிற நீலத் திரை எல்லாவற்றையும் கொண்டு வருவார். பக்கத்து அறைக்காரர்களை எல்லாம் உட்கார வைத்துப் படம் எடுப்பார், நான் காசு வாங்குவேன்.

உன் அப்பா உனக்குத் தனியாக எழுதமாட்டார், அவர் சொன்னதை நான் எழுதுகிறேன். நேற்றுக் கடை சாத்துகிற நேரத்தில் உன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்றேன். "வீட்டுல எல்லாருக்கும் முன்னாடி நான்தான் பார்த்தேன், பார்த்த உடனே அழிச்சுட்டேன்" என்றார். நான் கேலி செய்யவில்லை.

நீ நோய் நொடியில்லாமல், நரைத்தாலும் கறுத்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். வாயோரத்து வெடிப்பை நாக்கால் தொட்டுக்கொண்டே இருக்காதே. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, அதில் இருக்கிறபடியே உன் அப்பாவுக்குத்தான் முதலில் சொல், அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

இப்படிக்கு,
உன்னை உள்ளபடியே பெற்ற
அம்மா