அழிக்கப்பட்ட நாற்பது வரிகள்

கணவர் அவர்களுக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடி வைக்கப்பட்டுள்ளது. என் கோபம் மூடி வைக்கப்படவில்லை.

விளம்பரத் தளங்களை அடைக்கக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நான் எழுதியிருந்த நாற்பது வரிகளையும் அழித்துவிட்டு, "பொண்ணோட வீடியோ வரலைடி, அதான் தூக்கிட்டேன். வெறும் சைபர்தானே!" என்கிறீர்கள். ஒரு தளத்தின் பெயருக்கு முன்னால் அந்தச் சைபர்களை இட்டால், கணினி அந்தத் தளத்தின் பக்கமே போகாது. ஐம்பத்தாறு வயதில் மாலை வகுப்பில் அமர்ந்து நான் கற்ற பாடம் அது. இன்று காலை திரை முழுவதும் சூதாட்ட விளம்பரம். "வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்றும் ஒன்று வருகிறது. தயவுசெய்து அழைத்துத் தொலைக்காதீர்கள்!

வரிகளை மீண்டும் எழுதும்போது கண்டேன்: பதினேழாவது வரியில் மகள் நம்மை அழைக்கும் தளத்தையே விளம்பரத் தளம் என்று அடைத்திருக்கிறேன். பிழை என்னுடையதே. அதற்காக நாற்பதையுமா அழிப்பது? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் அல்லவா?

முப்பத்தொன்பது வரிகளை மட்டும் எழுதிவிட்டேன்.

பி.கு.: கடிதத்தைக் கதவிலேயே செருகியிருக்கிறேன்; சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு. 2: நான்கு மணிக்கு அவள் அழைப்பாள். பத்து நாளாக நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தையற்கடையிலிருந்து நான் வந்து சேரும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். நம் சண்டையை அவளிடம் சொல்ல வேண்டாம். அதை அவள் அழைப்பை வைத்த பிறகு தொடரலாம்.